பிரேக்குக்கு எண்ணெய் போட்ட முயல்

மூங்கில்காட்டு மேட்டில் ஒரு முயல் இருந்தது. அதனிடம் ஒரு பேட்டரி சைக்கிள் இருந்தது.

மேட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில், அதன் நாத்தனாரின் வளை. காலையில் தன் மூன்று குட்டிகளையும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு முயல் புல் சேர்க்கப் போகும். சாயங்காலம் போய்க் கூட்டி வரும்.

பாதையோ ஒரே இறக்கம். நடுவில் மூன்று வளைவுகள். அதனால் முயல் வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டது. தினமும் டயரை அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்க்கும். சேற்றை ஈரத் துணியால் துடைக்கும். குடம் குடமாக ஊற்றிக் கழுவினால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிடுமே என்று பயம். பாறை மேலிருந்த சோலார் தகட்டில் பேட்டரியைச் சார்ஜ் போடும். நிறைந்ததும் மறக்காமல் கழற்றிவிடும். செயின் கறகறத்தால் இரண்டு சொட்டு இலுப்பெண்ணெய் விடும். செயின் வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு வாரமாகப் பிரேக் பிடித்தால் மட்டும் 'கீஈஈச்' என்று ஒரு சத்தம்.

முதல் வளைவில் நின்ற வாகை மரத்துக் காகத்துக்கு அது பொறுக்கவில்லை.

“முயலக்கா! உன் வண்டி காட்டையே கூட்டுது! இப்பத்தான் குஞ்சைத் தூங்க வச்சேன்!”

மரத்தடியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி சிரித்தது. “சத்தத்தைப் பத்திப் பேசற ஆளைப் பாரு!”

“நான் கத்தினா அதுல ஒரு விஷயம் இருக்கும்! வண்டி கத்தினா என்ன இருக்கு?”

முயலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “கோவிச்சுக்காதே. நாளையிலிருந்து கத்தாது” என்றது.

“தங்கச்சி, அந்தப் பிரேக் கட்டையைக் கழட்டி ஒருதரம் பார்த்துடும்மா” என்றது முள்ளம்பன்றி.

“அதுக்கெல்லாம் நேரம் ஏதுண்ணே? மூணு வயிறு காத்துக்கிட்டிருக்கு!”

மறுநாள் மதியம் முயல் எண்ணெய்க் குப்பியை எடுத்தது. செயின் சத்தத்துக்குக் கேட்ட எண்ணெய் பிரேக் சத்தத்துக்குக் கேட்காதா? முன் பிரேக் கட்டைகளில் இரண்டு சொட்டு, பின் பிரேக் கட்டைகளில் இரண்டு சொட்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கைத் தொட்டது. மூச்! முயலுக்கு ஒரே சந்தோஷம். ஏறி ஓட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் காகம் அலறிக்கொண்டு பறந்து வந்தது.

“அக்கா! மலையில பேய்மழை! ஆத்துல வெள்ளம் இறங்குது! உன் நாத்தனார் வளைக்குப் பத்தடிதான் பாக்கி!”

முயல் குப்பியைக் கீழே போட்டது. குட்டிகள்! இன்னும் ஓடப் பழகாத குட்டிகள். ஒரு ஆளாக மூன்றையும் எப்படித் தூக்கும் நாத்தனார்? முயல் பாய்ந்து ஏறியது.

இறக்கம் தொடங்கியது. பேட்டரி கனத்துக்கு வண்டி தானாகவே உருண்டது. வேகம் கூடியது. முயல் பிரேக்கைப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தது. சத்தமே இல்லை. பிடிப்பும் இல்லை. வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வழுக்கியது!

எதிரே முதல் வளைவு. அதற்கு அப்பால் பள்ளம்.

“அய்யோ! ஒதுங்குங்க!”

முயல் வண்டியை ஒடித்துத் திருப்பியது. ஆவாரம்புதரில் போய் விழுந்தது. மூக்கெல்லாம் சிராய்ப்பு. வண்டிக்கு ஒன்றுமில்லை. முயல் எழுந்து மறுபடியும் ஏறப் போனது.

முள்ளம்பன்றி ஓடி வந்து குறுக்கே நின்றது.

“வழி விடுண்ணே! என் பிள்ளைங்க!”

“இன்னும் ரெண்டு வளைவு இருக்கு. இப்படியே போனா பிள்ளைங்க கரையில காத்திருக்கும், நீ பள்ளத்துல கிடப்பே! கொஞ்சம் பொறு!”

மேலே சுற்றிய காகம் கத்தியது. “எட்டடி!”

முயல் ஆற்றுப் பக்கம் ஒருதரம் பார்த்தது. ஆனாலும் ஏறாமல் நின்றது. சீட்டுக்கடியிலிருந்த ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது. முள்ளம்பன்றி நான்கு கட்டைகளையும் கழற்றியது. எல்லாவற்றிலும் எண்ணெய் மினுங்கியது. முயல் அங்கே உதிர்ந்து கிடந்த பூந்திக்கொட்டையை நசுக்கி, பக்கத்து ஓடைத் தண்ணீரில் நுரைக்க வைத்து, இரண்டு சக்கரத்து ரிம்மையும் தேய்தேய் என்று தேய்த்துத் துடைத்தது. முள்ளம்பன்றி கட்டைகளின் எண்ணெய் முகத்தைச் சொரசொரப்பான கல்லில் உரசியது.

“ஆறடி! என்னக்கா பண்றீங்க இன்னும்?”

“இதைப் பாரு தங்கச்சி!”

ஒரு கட்டையின் ரப்பரில் கடுகளவு கல் ஒன்று புதைந்திருந்தது. முள்ளம்பன்றி தன் முள் நுனியால் அதைக் குத்தி எடுத்தது.

“இவ்வளவுதானா! இதுவா ஒரு வாரமாக் கத்துச்சு?” முயலுக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்புறம் அழு.” முள்ளம்பன்றி கட்டைகளைத் திரும்ப மாட்டி முறுக்கியது. “முதல்ல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியைத் தள்ளிப் பாரு.”

முயல் தள்ளியது. சக்கரம் அசையவில்லை. அது போதும்!

இரண்டாம் வளைவில் பிரேக் பிடித்தது. மூன்றாம் வளைவிலும் பிடித்தது. கீழே போனபோது வளைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு கல்லின் மேல் நாத்தனார் நின்றுகொண்டிருந்தது. முதுகில் இரண்டு குட்டி, வாயில் ஒரு குட்டி. கல்லைச் சுற்றிலும் செம்மண் தண்ணீர்.

முயல் வண்டியைக் கரையில் மேடான இடத்தில் நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கியது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கியது.

“எங்க அண்ணி போனீங்க? கழுத்து விட்டுப்போச்சு எனக்கு!” நாத்தனார் விம்மியது.

“பேசாதே, ஏறு!”

ஐந்து உயிரையும் சுமந்து வண்டி முக்கி முக்கி மேடேறியது. திரும்பிப் பார்த்தபோது கல்லையும் காணோம், வளையையும் காணோம்.

வாகை மரத்தடிக்கு வந்ததும் காகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னது. “என்னாலதான்க்கா எல்லாம். கத்துது, கத்துதுன்னு நான்தானே உன் உயிரை எடுத்தேன்.”

முயல் குட்டிகளை நக்கித் துவட்டிக்கொண்டே சொன்னது. “கத்துதுன்னு நீ சொன்னது நிஜம்தானே. ஏன் கத்துதுன்னு பார்க்காதது நான்தான்.”

கோளாறின் சத்தத்தை அடக்கிவிட்டால் கோளாறு போய்விடாது. சத்தம் வரும்போதே காரணத்தைத் தேடிச் சரிசெய்கிறவரே ஆபத்திலிருந்து தப்புவார்.