இலையை மடித்த ராஜா

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், கரைக்காட்டு நாட்டைக் கண்டீரவர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான். காதுதான் கொஞ்சம் மெலிசு. யார் கடைசியாகப் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு நியாயம்.

ஆற்றுக்கு அக்கரையில் நாலைந்து நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டுச் சந்தை நடத்திவந்தன. கரைக்காடும் அதில் சேர்த்தி. கூட்டில் இருக்கிற நாட்டுப் படகுக்குச் சுங்கம் கிடையாது, சோதனை கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மந்திரி அம்பலத்தார். அம்பலத்தாருக்குப் பேர் வந்தால் தளவாய் பேரின்பநாதருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, சிங்கம் கூட்டத்தோடு உட்கார்ந்து தின்னுமா?" என்று தளவாய் ஓதினார். "எழுந்து வாருங்கள். நாம் எழுந்தால் போதும், அவர்களே பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள்!"

கூட்டை விட்டு விலகலாமா என்று ராஜா ஊரைக் கேட்டார். குடத்தில் கல் போடச் சொன்னார். விலகலாம் என்ற கல் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. சரி, விலக வேண்டியதுதானே? அங்கேதான் கூத்து ஆரம்பம்!

"விலகுவோம், ஆனால் சுங்கம் மட்டும் கேட்கக் கூடாது" என்றார் சபையில் ஒருவர். "விலகின மாதிரியும் இருக்கணும், விலகாத மாதிரியும் இருக்கணும்" என்றார் இன்னொருவர். "எதற்கும் இன்னொரு தரம் கல் போட்டுப் பார்ப்போமே" என்று மூன்றாமவர் கொட்டாவி விட்டார். மழை போய் வெயில் வந்தது. வெயில் போய் மறுபடி மழையும் வந்தது. சபை பேசிக்கொண்டே இருந்தது. படகுத்துறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. கேட்டால் காவலாளி, "திறக்கவும் உத்தரவு இல்லை, மூடவும் உத்தரவு இல்லை. என்னை ஏன்யா கேட்கிறீங்க?" என்றான்.

ஊர் கொதித்தது. விலகலாம் என்றவனும் வேண்டாம் என்றவனும் ஒரே படித்துறையில் உட்கார்ந்து சபையைத் திட்டினார்கள். அதில் மட்டும் நாட்டில் அப்படி ஒரு ஒற்றுமை!

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சிலம்பாயி அரண்மனைக்கே வந்துவிட்டாள். மஞ்சளாகிப் போன வெற்றிலைக் கட்டை ராஜா முன்னால் வைத்தாள்.

"படகுல கிடந்தே அழுகிப்போச்சு மகாராசா. போன்னாவது சொல்லுங்க, போகாதேன்னாவது சொல்லுங்க. இன்னொரு தரம் இப்படி அழுகினா நான் கொடிக்காலையே விக்கணும்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. அவள் போனதும் அம்பலத்தாரைக் கூப்பிட்டார்.

"ஊரே என்னைத் திட்டுகிறது ஐயா! அறுவடை விருந்துக்குள் அவர்கள் கோபம் தீரணும். இல்லையென்றால் உம் பதவி தளவாய்க்கு."

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். அம்பலத்தார் கும்பிட்டார். "உத்தரவு மகாராஜா. விருந்தில் பந்தி விசாரிப்பை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்."

அறுவடை விருந்துக்கு அந்த நாட்டில் ஒரு வழக்கம். முதல் பந்தி ராஜாவுக்கும் சபைக்கும். ராஜா எழுந்த பிறகுதான் ஊர் உட்காரும். அதுவரை அவரவர் இடம் பிடித்து, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். சிலம்பாயி நேராக ராஜாவின் பின்னால் வந்து நின்றாள்.

சாம்பார் வந்தது, ரசம் வந்தது, மோரும் வந்தது. எப்போதும் மோருக்கு முன்னால் வருகிற பாயசத்தை மட்டும் காணோம். அம்பலத்தார் ஒன்றும் தெரியாதவர் போல நடந்துகொண்டிருந்தார்.

தளவாய்க்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். "மகாராஜா, சிங்கம் பந்தியில் தங்குமா? மடியுங்கள்!" என்றார். ராஜாவும் டக்கென்று இலையை மடித்தார். சபை முழுக்க மடித்தது.

அப்போதுதான் வந்தது பாயச அண்டா! நெய்யில் வறுத்த முந்திரியின் வாசனை பந்தியைத் தூக்கியது. ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"அம்பலத்தாரே, பாயசம்..."

"மடித்த இலைக்குப் பரிமாறும் வழக்கம் இல்லையே மகாராஜா. எழுந்துகொள்வீர்கள் என்றல்லவா நினைத்தேன்?"

எச்சில் இலையைத் திரும்ப விரித்தால் அவமானம். எழுந்தால் பாயசம் போச்சு. ராஜா சபையைப் பார்த்தார். சபை உடனே பேச ஆரம்பித்தது.

"பாதி மட்டும் விரிக்கலாம்!"

"மடித்தது மடித்தபடியே இருக்கட்டும், மேலே ஊற்றட்டும்!"

"பந்தியில் எல்லாரையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் என்ன?"

தளவாயோ இரண்டு கையையும் குவித்து, "எனக்கு இதில் ஊற்றப்பா" என்று நீட்டினார்.

பின்னால் நின்றவர்களின் வயிறு கூவியது. சிலம்பாயிக்குப் பொறுக்கவில்லை. குனிந்து ராஜாவின் காதோரம் போட்டாள் ஒரு போடு:

"மகாராசா, சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க, எந்திரிக்கிறதுன்னா எந்திரிங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குப் பசிக்குது!"

ராஜா மடித்த இலையைப் பார்த்தார். தளவாயின் குவித்த கையைப் பார்த்தார். அம்பலத்தாரைப் பார்த்தார். அம்பலத்தார் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்தார்.

"போதும்! எழுந்தவன் எழுந்தவன்தான். அக்கரைக்கு இன்றே தூது போகட்டும். விலகிவிட்டோம், முறையான சுங்கத்தைக் கட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். துறைக் கதவைத் திறங்கள்! இந்த அம்மாவின் முதல் படகுச் சுங்கம் என் பொறுப்பு. அம்பலத்தாரே, பதவி உமக்கேதான். தளவாய், கையைக் கீழே போடும், எல்லார் இலையையும் எடும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. தளவாய் எச்சில் இலைகளைச் சுமந்து போன அழகைப் பார்க்கணுமே!

ஊர் உட்கார்ந்தது. பாயசம் ஓடியது. ராஜா தூணோரம் நின்று மெல்லக் கேட்டார். "அம்பலத்தாரே, எழுந்தவனுக்கு ஒரு தம்ளராவது கிடைக்காதா?"

"பந்தியில் இருக்கிறவர்களைக் கேளுங்கள் மகாராஜா. கேட்டு வாங்கலாம், அதட்டி வாங்க முடியாது."

ராஜா வெட்கத்தை விட்டுச் சிலம்பாயியிடம் போய்க் கேட்டார். அவள் வாய் நிறையப் பாயசத்தோடு சிரித்தாள்.

"அதுக்கென்ன, தாராளமா! ஆனா நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அப்படிப் பின்னாடி நில்லுங்க மகாராசா. நாங்க எத்தனை நாள் நின்னோம்!"

ராஜா நின்றார்.