ஆடியில் வாங்காத கடிதம்

இது நான் நேரில் கண்டதல்ல. என்னோடு வேலை பார்ப்பவரின் அக்கா பூங்கோதைக்கு நடந்தது. அவர் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன்.

பவானியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பூங்கோதைக்கு வேலை. பத்து வருடச் சேமிப்பான மூன்று லட்சத்தை முன்பணமாகக் கொடுத்து, அர்த்தநாரி என்பவரின் மாடி வீட்டுக்கு ஆனி மாதம் ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. வங்கி கடன் மறுத்தால், மறுப்புக் கடிதத்தின் அசலை நாற்பத்தைந்து நாளுக்குள் விற்பவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முன்பணம் முழுவதும் திரும்பும், கொடுக்காவிட்டால் அது விற்பவருக்கே. கெடு ஆடி பதினேழில் முடிந்தது.

மாடியறை அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லை என்று வங்கி கைவிரித்தது. ஆடி பன்னிரண்டாம் தேதி கடிதம் கைக்கு வந்ததுமே, கொடுக்க வரட்டுமா என்று பூங்கோதை செய்தி அனுப்பினார். அர்த்தநாரியின் பதில் குரல் பதிவாக வந்தது.

“ஆடியில முறிவுக் காயிதத்தக் கை நீட்டி வாங்கமாட்டனுங்க அம்மணி. ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க, வாங்கிக்கறேன்.”

“கெடு தாண்டிருமுங்களே?” என்று எழுதிக் கேட்டார் பூங்கோதை.

“நான் என்ன ஊர விட்டா ஓடப்போறேன்?” அதுவும் குரலாகவே வந்தது.

அம்மா இருந்திருந்தால் அவரும் ஆடியில் இப்படியொரு கடிதத்தைத் தொட்டிருக்க மாட்டார் என்று பூங்கோதைக்குத் தோன்றியது. கடிதம் கைப்பையிலேயே இருந்தது. ஆடிப் பதினெட்டன்று பேருந்திலிருந்து பார்த்தபோது அந்த வீட்டு வாசலில் புது மாவிலைத் தோரணம் தெரிந்தது. ஆடிப்பெருக்குப் பூஜை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணி முதல் தேதி, தரகர் செங்கோடனையும் அழைத்துக்கொண்டு போனார். அர்த்தநாரி கடிதத்தைத் தொடவில்லை.

“படிச்சுப் பார்த்துத்தான கையெழுத்துப் போட்டீங்க? கெடு முடிஞ்சுது. முன்பணம் எனக்கு.”

“வரவேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்க,” என்றார் பூங்கோதை. “எனக்கு முழுசும் வேணும்.”

“ஆளுக்குப் பாதின்னு முடிச்சுக்குங்க,” என்றார் செங்கோடன். “எனக்குத்தான் ரெண்டு பக்கமும் கமிஷன் போச்சு. நானே வாயைத் திறக்கல.”

ஒருவர் கையெழுத்தைக் காட்டுகிறார், ஒருவர் சொன்ன சொல்லைக் காட்டுகிறார், மூன்றாமவர் நடுவில் கோடு போடுகிறார். மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பூங்கோதை. கெடுவுக்குள் கொடுக்க முன்வந்தவரைத் தானே தடுத்துவிட்டு, கொடுக்கவில்லை என்று அர்த்தநாரி குறை சொல்ல முடியாது. தடுத்ததற்கு அவர் குரலே சாட்சி. பாதி என்பது தடுத்தவருக்குக் கூலி கொடுப்பதாகும். ஆனாலும் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் பூங்கோதைக்கு இந்த வழக்கே வந்திருக்காது. பிறகு அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். அர்த்தநாரி வேறொருவரிடம் முன்பணம் வாங்கி, புது விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்த நாள் ஆடிப் பதினெட்டு.