சாத்தூரில் வாங்கிய ஆயில்

இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு.

குரு அருள்சீலன், கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் எஞ்சின் பட்டறை வைத்திருந்தார். சீடர் கொண்டல்சாமி, டாக்ஸி ஸ்டாண்டில் மூத்த டிரைவர். இருபத்தாறு வருஷம் ஓட்டிய பிறகு, வண்டி எதனால்தான் ஓடுகிறது என்று ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து சவாரி இல்லாத நேரமெல்லாம் பட்டறைக்கு வந்து கேள்வி கேட்பார். சீலனை ‘வாத்தியாரே’ என்பார். சீலன் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

கொண்டல்சாமி உள்நாட்டுக் கம்பெனி வண்டியைத் தவிர வேறெதையும் வாங்கியதில்லை. ஒரே கம்பெனி, மூன்று வண்டி. மருமகன் வெளிநாட்டுக் கம்பெனி காரில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போக வந்தபோது, "நீங்க முன்னால போங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனவர். முதல் வண்டி நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. எஞ்சினைத் திறக்கவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். ஸ்டாண்டில் புது வண்டி எடுக்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

மூன்றாவது வண்டி ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்தில், கயத்தாறு தாண்டி நடுரோட்டில் நின்றது. எஞ்சின் ஜாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். கேட்காமல் காபி வந்தால் கையை விரிக்கப் போகிறான் என்று அர்த்தம். வாரண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரோடு முடிந்துவிட்டது என்றார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மூன்றாம் நாள் காலையில் சீலன் எஞ்சினைப் பிரித்து மேஜைமேல் பரப்பியிருந்தார்.

"வாத்தியாரே, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"இருபத்தாறு வருஷம் ஒருத்தனுக்கு விசுவாசமா இருந்தேன். அவன் என்னைக் கைவிட்டுட்டான். இனிமே நான் யாருக்கு விசுவாசமா இருக்கணும்?"

"யாரு இருக்கா?"

"வெளிநாட்டுக்காரன் ஷோரூமுக்கு நேத்து போனேன். பேரம் பேசி சீட் கவர், மேட் எல்லாம் சும்மாவே தர ஒத்துக்க வச்சிட்டேன்."

"அங்கயும் காபி குடுத்தாங்களா?"

"டீ." கொண்டல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "சாயங்காலம் ஸ்டாண்டுல எல்லாரையும் கூட்டிச் சொல்லப் போறேன், இனி எவனும் இந்தக் கம்பெனி வண்டியத் தொடக்கூடாதுன்னு. அதுக்கு முன்னால உங்க வாயால ஒரு பதில் கேக்கணும்."

சீலன் ஒரு பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பழைய பிளேடால் அதன் தலையைச் சுரண்டினார். கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இது எத்தனை நாள் கரி, சொல்லுங்க."

கொண்டல்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோபம் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"அடுக்கடுக்கா இருக்கே. ஒரு மாசம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல. பிஸ்டன் ரிங் ஆரம்பத்துலேயே சரியா உக்காரல. ஆயில் மேல ஏறி ஏறி எரிஞ்சிருக்கு."

"அப்ப கம்பெனி தப்பு."

"கம்பெனி தப்புதான். சந்தேகமே இல்ல."

"அதத்தான நானும் சொல்லுதேன்."

"எனக்கு ஒண்ணுதான் புரியல. இப்படி ஆயில் குடிக்கிற எஞ்சின் எப்பவோ நின்னிருக்கணும். இவ்வளவு நாள் எப்படி ஓடுச்சு?"

கொண்டல்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ஊத்துனேன்."

"எப்பலேருந்து?"

"அறுபதாயிரத்துலேருந்து. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர். கடைசி வாரம் தொடர்ந்து சவாரி. பாக்க விட்டுப்போச்சு."

"ஆயில் எங்க வாங்குனீங்க? இந்த ரோட்டுலயே நாலு கடை. ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சாத்தூர்ல."

"ஆயில் வாங்க சாத்தூரா?"

"இங்க வாங்குனா ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சிரும். என் பேச்சக் கேட்டு அஞ்சு பேரு அதே வண்டி எடுத்திருக்காங்க வாத்தியாரே."

சீலன் பிளேடைக் கீழே வைத்தார். எஞ்சினைவிட இது அவருக்கு அதிசயமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அறுபதாயிரத்துல வாரண்டி இருந்துதே. சர்வீஸ்ல சொல்லியிருந்தா சும்மாவே மாத்திக் குடுத்திருப்பான்."

"சொன்னா எஞ்சினப் பிரிப்பான். பத்து நாள் வண்டி அங்கயே நிக்கும். வண்டி எங்கன்னு ஸ்டாண்டுல இவனுவ கேட்டா என்ன சொல்ல?"

"ரிப்பேர்னு சொல்ல."

"என் வாயாலயா? அதுவும் போக, நம்ம கம்பெனிதான, ஓட ஓடச் சரியாயிரும்னு நெனச்சேன்."

"கால்கட்டுப் போட்டா பையன் திருந்திருவான்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி."

"கேலி பண்ணாதீங்க."

"இல்ல அண்ணாச்சி. தெரிஞ்சிக்கத்தான் கேக்கேன். அந்த அஞ்சு வண்டியும் ஆயில் குடிக்குதா?"

"நாலு நல்லாத்தான் ஓடுது."

"அஞ்சாவது?"

"முத்துக்குட்டி வண்டி. போன மாசம் வந்தான். அண்ணாச்சி, ஆயில் அளவு எறங்கிக்கிட்டே போகுதே, சர்வீஸ்ல காட்டவான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கொண்டல்சாமி மேஜையில் கிடந்த கரியை விரலால் தள்ளினார்.

"இந்த எஞ்சின் அப்படித்தான், கொஞ்சம் ஊத்திக்கிட்டு ஓட்டுன்னேன்."

வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கொண்டல்சாமி விரலில் ஒட்டிய கரியைத் துண்டில் துடைத்தார்.

"சரி. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியே வாத்தியாரே. இனிமே நான் யாருக்கு விசுவாசமா இருக்கணும்?"

"முத்துக்குட்டி வண்டி எத்தனை ஓடியிருக்கு?"

"தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம். லட்சம் ஆனதும் எல்லாருக்கும் அல்வா வாங்கித் தாரேன்னு நேத்து சொல்லிக்கிட்டிருந்தான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஸ்டாண்டுலதான். பன்னெண்டு மணிக்குத் திருப்பதி சவாரி."

"போய்ட்டு வந்தா எவ்வளவு ஆகும்?"

"ஆயிரத்து முந்நூறு..." கொண்டல்சாமி பாதியில் நிறுத்தினார்.

சீலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை.

"அப்ப இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க அண்ணாச்சி?"