கோமதிநாயகத்தின் கொப்புளம்

மலையடிவாரத்தில் வடிவம்மை அம்மா ஒரு சின்னத் தியான மடம் நடத்திவந்தார். தலையில் ஒரு நரை கிடையாது. அவருடைய சீடர் கோமதிநாயகமோ, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதுக்கு அம்மாவின் தகப்பனாராக இருக்கலாம். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் அசராமல் பஸ்ஸைத் திருப்பிய மனுஷனுக்கு, இப்போது தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்க்கவே நடுக்கமாக இருந்தது.

விரலில் ஒரு மரு இருந்தது. குதிரைமுடி கட்டிப் பார்த்தார். அது விழுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் குட்டி போட்டது. கடைசியில் அம்மா விரட்டித் தோல் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா ஒரு குடுவையிலிருந்து புகைகிற குளிரை மருவின்மேல் பீய்ச்சி, அதை உறையவைத்தார். நெருப்பே இல்லாமல் சுட்டது. "அவ்வளவுதான், போயிட்டு வாங்க" என்றார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. மாத்திரை எழுதாத டாக்டரை யார்தான் நம்புவார்கள்?

மறுநாள் கொப்புளம் எழும்பியது. பிறகு அதில் ரத்தம் கோத்தது. பிறகு கறுத்தது.

அவருடைய அப்பாவுக்குக் கால் பெருவிரல் இப்படித்தான் கறுத்தது. முள் குத்தியது என்றார்கள், சர்க்கரை என்றார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்கால்வரை எடுத்தார்கள். ஆள் வீடு திரும்பவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பிடித்த பயம், இத்தனை வருஷம் கழித்து விரல்நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தியானத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, கோமதிநாயகம் ஒரு கண்ணைத் திறந்து, பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். மூடுவார். மறுபடி தூக்குவார். பிளாஸ்திரிக்கு ஒட்டுகிற குணமே போய்விட்டது.

மற்றவர்கள் எழுந்து போனதும் அம்மா கேட்டார்.

"என்னய்யா பாக்கீங்க?"

"கறுத்துட்டும்மா."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கொப்புளம் வரும், ரத்தம் கட்டும், கறுக்கும், காஞ்சு தானா உதிரும்னாங்க. உடைக்காதீங்க, உரிக்காதீங்கன்னாங்க. சோப்புத் தண்ணியில மெதுவாக் கழுவி, ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, பிளாஸ்திரி போடச் சொன்னாங்க. சீழ் வச்சாலோ, சிவப்பு பரவுனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே வரணுமாம்."

"சீழ் இருக்கா?"

"இல்ல."

"சிவப்பு பரவுதா?"

"ஓரத்துல இருக்கு. பரவல."

"காய்ச்சல்?"

"இல்லம்மா."

"கறுக்கும்னு சொன்னாங்கல்லா?"

"சொன்னாங்க."

"கறுத்திருக்கு."

"கறுத்துட்டும்மா!"

அம்மா சிரிக்கவில்லை.

"சர்க்கரை பாத்தாங்களா?"

"பாத்தாங்க. இல்லன்னுட்டாங்க. இல்லாத சர்க்கரை வர எவ்வளவு நேரம்மா ஆகும்? எங்கப்பாவுக்கும் முதல்ல இல்லன்னுதான் சொன்னாங்க. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

"பிளாஸ்திரி தொங்குது. மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனார்.

கோமதிநாயகத்துக்கு மனசு விட்டுப்போனது. ஞானம் கேட்டால் பிளாஸ்திரியைச் சொல்கிறாரே! நிலைமை கைமீறிப் போனது தெரிந்துதான் மழுப்புகிறார் என்று நினைத்தார். பயந்தவனுக்கு எல்லாமே அத்தாட்சிதான்.

அவர் பையில் குலசாமி கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் இருந்தது. அவர் ஊர்ப்பக்கம் சொறி, சிரங்கு, தேமல், தோலில் எது வந்தாலும் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். ஆனால் கொப்புளத்தின் மேலே பூசினால் மண் உள்ளே எப்படி இறங்கும்? திறந்துவிட்டால் கறுப்பு ரத்தமும் வெளியேறும், சாமி மண்ணும் உள்ளே போகும். பயம் சொல்லிக்கொடுக்கிற கணக்கு எப்போதும் இப்படிக் கச்சிதமாகத்தான் இருக்கும்.

மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். குத்தினார்.

ஒரு சொட்டு வரும் என்று நினைத்திருந்தார். ரத்தம் விரலோரமாக இறங்கி, உள்ளங்கையைத் தாண்டி, மணிக்கட்டுக்கு வந்தது. மண்ணை வைக்கத் துணிச்சல் வரவில்லை. ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையில் பொட்டலத்தோடு சமையற்கட்டு வாசலுக்கு ஓடினார். அம்மா அங்கே பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, போச்சும்மா."

அம்மா விரலையும் மண் பொட்டலத்தையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பைக் கண்டதும் கோமதிநாயகத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"மண்ண உள்ள வச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. நீங்க வச்சு விடுங்க. உங்க கையால வச்சா ஒண்ணும் ஆகாது."

அம்மா அரிவாள்மணையைத் தள்ளிவைத்தார். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, அவர் நெற்றியில் இட்டார்.

"சாமி மண்ணுக்கு இடம் இங்க" என்றார். வேறொன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

கோமதிநாயகம் தனியாக நின்றார். அம்மா ஏன் போனார்? அப்பாவின் கட்டிலருகே நின்ற டாக்டரும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அம்மா இவருடைய மகனுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் போயிருக்கிறார். மகன் வருவதற்குள் விரலா, மணிக்கட்டா, எதுவரை எடுப்பார்கள்? கையே போனாலும் பரவாயில்லை, அப்பா மாதிரி ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

"அம்மா!" என்று கூப்பிட்டார். சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். வாய் மட்டும் முருகா முருகா என்றது.

அம்மா திரும்பி வந்தபோது அவர் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன. தண்ணீர், சோப்பு, வெளுத்த துணி, புதுப் பிளாஸ்திரி எல்லாம் ஒரு தட்டில் இருந்தன. கோமதிநாயகத்தின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து விரலைப் பிடித்தார். தண்ணீர் விட்டார். சோப்பு நுரையைப் பட்டும்படாமல் தடவிக் கழுவினார். தொய்ந்துபோன மேல்தோலைப் பிய்க்காமல், இருந்த இடத்திலேயே படிய வைத்தார். ரத்தம் நிற்கும்வரை துணியால் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு பிளாஸ்திரியை ஒட்டினார்.

"உடைச்சாச்சு. சாயங்காலம் டாக்டர்ட்ட காட்டிருவோம். நானும் வாரேன்."

கோமதிநாயகம் தலையாட்டினார். அப்போதுதான் கவனித்தார். தன் விரலைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, உங்களுக்குமா பயம்?"

"பயம்தான்யா. பொறவு? அதனாலதான் உள்ள போயி கையக் கழுவிட்டு வந்தேன்."