உலகம்மையைச் சுமந்த இன்ஜினியர்

ஒரு ஊர்ல ஒரு இன்ஜினியர் இருந்தாரு. ஊரு தென்காசி, பேரு சங்கரபாண்டியன். ஆறு ஆறாப் போயி பாலம் கட்டுறதுதான் வேலை. படிப்புல புலி, ஆனா நாலு பேரு முன்னால வாயைத் தொறந்தா "அது வந்து... அது வந்து..."ன்னு இழுப்பாரு. எது வந்துதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவரு பொண்டாட்டி உலகம்மை. அவ வாயி இருக்கே, சரவெடி! படபடபடபடன்னு. என்னட்டி, ம் கொட்டு. கொட்டினாத்தான் மேல சொல்லுவேன்.

ம்.

கல்யாணம் ஆன முதல் வருசம், ரெண்டு பேரும் குத்தாலத்துல குளிச்சிட்டுத் திரும்பி வாராங்க. ஒரு திருப்பத்துல பஸ்ஸு தடதடன்னு போயி டமார்னு கவுந்துட்டு. அவருக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு முட்டிக்குக் கீழ ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க.

அப்புறம் காயமெல்லாம் ஆறி அவ வீட்டுக்கு வந்தா. அப்போ வந்தாங்க பாரு சொந்தக்காரங்க, ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக்கிட்டு! கட்டில் பக்கத்துல நின்னு உச்சு உச்சுன்னு கொட்டுறது. அந்தாக்ல வாசல் முத்தத்துக்குப் போயி குசுகுசுன்னு பேசுறது. அவளுக்குக் காலுதான் போச்சு, காது போகலியே! அத்தனையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கா.

அதுல அவரோட தாய்மாமன் குத்தாலிங்கம்னு ஒருத்தர். அவரும் அவரு மீசையும்! "மருமவனே, ஒனக்குச் சின்ன வயசு. எம்மவளைக் கட்டிக்கோ. இவளுக்கு ஒரு மூலையில கஞ்சி ஊத்துனா ஆச்சு"ன்னாரு. கஞ்சி ஊத்துறாராம்! தான் வளத்த நாய்க்கே ஒழுங்காச் சோறு வைக்காத மனுசன்.

உலகம்மை சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. இவரு வாயில வார்த்தை வராதே, மாமன் பேச்சுக்கு மண்டையை ஆட்டிருவாரோன்னு பயம். அவரும் "அது வந்து மாமா..."ன்னு இழுத்தாரு. மாமன் சம்மதம்னு நெனச்சு மீசையை முறுக்கினாரு. அப்போ இவரு விறுவிறுன்னு உள்ள வந்தாரு. குனிஞ்சாரு. பொண்டாட்டியைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு, அத்தனை பேரு நடுவுலயும் நடந்து தெருவுக்கு வந்துட்டாரு.

"எங்கங்க போறோம்?"

"தெரியலியே."

"அப்போ பெரிய கோவில் வாசலுக்கு விடுங்க. காத்து நல்லா அடிக்கும்"னா அவ.

அதுக்கப்புறம் ஒரு பிரம்பு நாற்காலி செஞ்சாரு. தோள்ல மாட்டிக்க வாரு வச்சது. முதுகோட முதுகு ஒட்டி அவ உக்காந்துக்குவா. அவரு முன்னால பாத்து நடப்பாரு, அவ பின்னால பாத்துக்கிட்டே வருவா. அப்படியே பாலம் கட்ட நேபாளம் போனாங்க, மலேசியா போனாங்க, ஈரானுக்குப் போனாங்க. எந்த ஊரு போனாலும் கொஞ்ச நாள்லயே அந்த ஊர்ப் பாஷையை அவ புடிச்சுக்குவா. காய்கறிக்காரன்கிட்ட பேரம் பேசுறது, வேலையாளுக கூட வம்படிக்கிறது, லேட்டா வந்த சிமெண்டு லாரிக்காரனை வையிறது, எல்லாம் அவதான். லீவுல தென்காசிக்கு வந்தா நம்ம ஊர்ச் சனங்க, "மூட்டைக்காரரு வாராருடா"ன்னு பல்லைக் காட்டும். மூட்டையா? அந்த மூட்டை வாயைத் தொறக்கலைன்னா அந்த மனுசன் ஒரு நாட்டுலயும் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிச்சிருக்க மாட்டாரு. இதெல்லாம் இந்தச் சனங்களுக்கு எங்க வெளங்கப் போவுது!

ம்.

அப்புறம் எத்தியோப்பியா. பெரிய மலை, நடுவுல ஆறு, தண்ணியே இல்ல. ஆத்துக்குள்ள எறங்கிப் பாலத்துக்குக் குழி தோண்டுறாங்க. இவருக்கு மேல ஒரு வெள்ளைக்காரத் தொரை, செம்பட்டைத் தலை. அவன் இவரைப் பாத்ததும், "பொண்டாட்டியை முதுகுல கட்டிக்கிட்டு வர இது என்ன சர்க்கஸா? டவுன்ல விட்டுட்டு வா"ன்னான்.

உலகம்மைக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. "விடுங்க, நான் ரூம்ல இருந்துக்கிடுதேன்"னா. மறுநாள் காலையில அவரு வழக்கம்போல அவ முன்னால முதுகைக் காட்டிக்கிட்டுக் குனிஞ்சு நின்னாரு. அவ ஏறிக்கிட்டா.

அன்னைக்கு மலை மேல கருகருன்னு மேகம். "அது வந்து... மேல மழை... ஆளுகளை ஏத்தி..."ன்னு தொரைகிட்ட இழுத்தாரு. தொரை அண்ணாந்து பாத்தான். இங்க சுள்ளுன்னு வெயில். "எங்கய்யா மழை?"ன்னு சிரிச்சுக்கிட்டு, தானும் தொப்பியை மாட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள எறங்கிட்டான். அறிவுக்கொழுந்து!

இவருக்கு மனசு கேக்கல. அவளோட ஆத்துக்குள்ள எறங்கினாரு. ஒவ்வொரு குழியா குனிஞ்சு பாக்காரு. இவரு பாத்தது தரையை. பின்னால உக்காந்திருக்கிறவ பாத்தது ஆத்தோட மேல்பக்கத்தை. அப்போ எங்கயோ ஹோ...ன்னு ஒரு சத்தம். வளைவுல செக்கச்செவேல்னு ஒரு செவுரு, மரத்தை வேரோட சுருட்டிக்கிட்டு உருண்டு வருது!

அந்த ஊர்ல தண்ணிக்கு வூஹான்னு பேரு. "வூஹா! வூஹா! ஏறுங்க, ஏறுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்துனா பாரு! மம்பட்டி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், அத்தனை பேரும் குடுகுடுன்னு கரைக்கு ஓடுறாங்க. "இடது கைப் பக்கம் பாறை இருக்கு, அதுல ஏறுங்க!"ன்னு இவருக்கு வழி சொல்லுதா. அவரு மூச்சு வாங்க ஏறுதாரு. அவங்க மேல போயி விழவும், சளார்னு தண்ணி பாறையில மோதவும் சரியா இருந்துது. தொரை கடைசியா நாலு கால்ல தவந்து வந்தான். தொப்பி ஆத்தோட போச்சு. ஒரு உசுரும் போகல.

அதுக்கு ஒரு விழா வச்சு, இவரு சட்டையில மெடல் குத்துனாங்க. வெள்ளத்தை முன்னாலயே பாத்த வீரராம்! இவரு மைக்குல, "அது வந்து... நான் பாக்கல... பாத்தது இவ..."ன்னாரு. அதுக்குள்ள கைதட்டு. தொரைதான் பலமாத் தட்டினான்.

"ஏங்க, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லக்கூடாதா?"ன்னு அவ கேட்டா.

"சொன்னேனே!"ன்னாரு பாவம்.

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சந்தான், கேளு.

வயசாயி ஊருக்கு வந்து சேந்தாங்க. அவரு முட்டி தேஞ்சு போச்சு, இனிமே தூக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். உடனே வந்தான் நெல்லையப்பன். யாருன்னு கேக்கியா? அந்த மீசைக்கார மாமன் மவன்தான். அவங்க தெருச் சங்கத்துக்குத் தலைவர், வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாது. "ரெண்டு பேரையும் ஒரு ஹோம்ல சேத்துருவோம் அத்தான். பாக்க ஆளில்லாம எதுக்குக் கஷ்டம்?"ன்னான். பாக்க ஆளில்லைன்னா, பக்கத்து வீட்டுலயே இருக்கானே, இவன் யாரு, ஆடா மாடா?

அன்னைக்கே இன்ஜினியர் சுத்தியலை எடுத்தாரு. டங் டங் டங். வாசப்படி, அடுக்களைப் படி, கொல்லைப் படி, வீட்டுல ஒரு படி பாக்கி விடல. எல்லாத்தையும் சரிவாக்கிட்டாரு. சக்கரம் வச்ச நாற்காலி ஒண்ணும் கெட்டியாச் செஞ்சாரு. உலகம்மை அதுல வீடு பூராவும் தானே சுத்தி வந்தா. தெருப் புள்ளைங்க வந்து வாசச் சரிவுல சர்ர்ர்ருன்னு சறுக்கும். பெரியவங்க அதையும் சறுக்குவீடுன்னு கேலி பேசுனாங்க. பேசட்டும். வாய்க்கு வேற வேலை?

ரொம்ப வருசம் அப்படி இருந்தாங்க. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுச் சாய்வு நாற்காலியில சாஞ்சாரு. "மோர் ஊத்தவா?"ன்னு அவ கேட்டா. பதில் இல்ல. எப்பவுமே அவரு பதில் சொல்ல நேரமாகும்ல, அதனால டம்ளரை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தா. அப்புறந்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

ம்...

நெல்லையப்பன் சும்மா இருப்பானா? மண்டபம் புடிச்சு நினைவுக் கூட்டம் போட்டான். அந்த மேடைக்கு உசர உசரமாப் படி. படியை எல்லாம் இடிச்ச மனுசனுக்குக் கூட்டம் போடுத இடத்தைப் பாரு! போட்டோக்காரன் நிக்கவும், ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உலகம்மையை நாற்காலியோட மேல ஏத்துனாங்க. அப்புறம் ஆளாளுக்குப் பேச்சு. நெல்லையப்பன் தொண்டையைச் செருமிக்கிட்டு, "கழுகுக் கண்ணால வெள்ளத்தைக் கண்ட மாவீரர்! ஊனமான மனைவியை வாழ்நாளெல்லாம் சுமந்த தியாகி! சுமப்பதே புண்ணியம்னு நமக்குக் காட்டியவர்!"ன்னு முழங்கினான்.

"மைக்கை இங்க கொண்டா"ன்னா உலகம்மை. "கழுகுக் கண்ணும் இல்ல, காக்காக் கண்ணும் இல்ல. வெள்ளத்தைப் பாத்தது நானு. அவரு அதை மேடையில சொன்னாரு, எவனும் காது குடுக்கல. தியாகம் என்னலே தியாகம்? அவருக்கு என்மேல ஆசை, எனக்கு அவரு மேல ஆசை. ஊரு ஊராச் சண்டை போட்டுக்கிட்டே சந்தோசமாச் சுத்துனோம். சரி, எனக்கு வீட்டுக்குப் போணும். சுமக்குறது புண்ணியம்னியே நெல்லையப்பா, வா, குனி."

அவன் வேட்டி மடிப்பைப் பாத்தான். பக்கத்துல இருந்தவன் செருப்பைத் தேடுனான். போட்டோக்காரனும் போயிட்டான். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடக் குனியல.

உலகம்மை கையை ஊனிக் கீழ எறங்குனா. நாற்காலியை ஒரு தள்ளு. கடகடகடன்னு அது படியில உருண்டு வர, முன்வரிசைப் பெரிய மனுசங்க எல்லாம் சிதறி ஓடுனாங்க. பின்னாலயே இவ, தொப்பு, தொப்பு, தொப்புன்னு ஒவ்வொரு படியா. நாற்காலியை நிமித்தி ஏறி உக்காந்தா, சேலையைத் தட்டி விட்டுக்கிட்டு வெளிய உருட்டிக்கிட்டுப் போயிட்டா.

"புருசன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாத்தியா"ன்னு மண்டபத்துல ஒருத்தி சொன்னா. ஆமா, இவங்க பாக்கணும்னுதான் அவ அழணுமாக்கும்! அவ வீட்டுக்குப் போயி, கதவைச் சாத்திட்டு, ஆசைதீர அழுதா.

ம் சத்தத்தையே காணோம்... சரி, கதை இத்தோட வீட்டுக்குப் போயிட்டு. நீயும் தூங்குட்டி.