அத்தி இலையில் எழுதிய பெயர்கள்

முள்ளழகி என்ற முள்ளம்பன்றிதான் கரும்பாறைக் காட்டுப் பள்ளியின் ஒரே டீச்சர். அன்று காலை குகைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் கொண்டுவந்த பத்துப் பொருள்கள் வரிசையாக இருந்தன. பத்து முள்ளும் குத்தியது குத்தியபடியே இருந்தன. முள்ளில் செருகியிருந்த பெயர்ச் சீட்டுகளைத்தான் காணோம்!

"நேற்று சாயங்காலம் என் முதுகு முள்ளைப் பிடுங்கி நான்தானே குத்தினேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். காற்று அடித்துப் போயிருக்குமோ? குகைக்குள் ஏது காற்று! யாராவது திருடியிருப்பார்களோ? அத்தி இலையில் எழுதிய பெயரைத் திருடி யார் என்ன செய்யப் போகிறார்கள்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூலையில் ஒரு தட்டைக் கல்லின்மேல் கிடந்த இலைக் குப்பையை மட்டும் பதற்றத்தில் வாலால் பாதி பெருக்கித் தள்ளினார்.

அன்றுதான் பள்ளியின் அறிவியல் கண்காட்சி. பார்வையிட வருகிறவர் கொம்பன் யானை. "பிள்ளைகள் ஏதாவது கற்றிருந்தால் குகை பள்ளிக்கூடத்துக்கு. இல்லையென்றால் கரடிக்குக் கொடுத்துவிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. குகை போனால் பள்ளிக்கூடமும் போன மாதிரிதான்.

திடீரென்று டீச்சருக்கு உயிர் வந்தது. "சீட்டு போனால் என்ன? செய்தவர்களுக்குத் தெரியாதா!"

பிள்ளைகளைக் கூப்பிட்டார். "அவரவர் செய்த பொருளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்!"

பிள்ளைகள் திருதிருவென விழித்தன. குரங்குக் குட்டி தொங்கு பாலத்தருகே போய் நின்றது, யோசித்தது, நீர்ச்சக்கரத்துக்குத் தாவியது. "எங்களுடையது எது டீச்சர்?" என்று நீர்நாய்க் குட்டி டீச்சரையே கேட்டது. பார்க்க அழகாக இருந்த பாலத்துக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டார்கள்.

"செய்தவர்களுக்கே தெரியவில்லையா? பைத்தியம் எனக்கா, இவர்களுக்கா?" டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

வரையாட்டுக் குட்டி மட்டும் யாரையும் கேட்காமல் மூலைக்குப் போய், அந்தத் தட்டைக் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டது.

அதற்குள் கொம்பன் வந்துவிட்டார். பெற்றோர்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பாலம் யாருடையது? ஏன் அறுந்து விழவில்லை?" என்று கேட்டார் கொம்பன்.

பிள்ளைகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? தூக்கணாங்குருவி அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"நம்மளுதுடா கண்ணா! சொல்லு! நாற்பது முடிச்சு போட்டேனே, மறந்துட்டியா?" என்று கத்தியவர், சட்டென்று அலகை மூடிக்கொண்டார்.

"அப்போ அந்தச் சக்கரம் என்னுது!" என்றார் நீர்நாய் அம்மா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொம்பன் நேரே மூலைக்குப் போனார். "இது என்ன?"

"எந்த இலை என்ன ருசின்னு பார்த்தேன் ஐயா!" என்றது வரையாட்டுக் குட்டி. "வேம்பு கசப்பு. புளியிலை புளிப்பு. அத்தி இலையிலதான் சந்தேகம். இங்கே பத்து இலை முள்ளுல குத்தியிருந்துச்சு. ஒண்ணைத் தின்னேன், துவர்த்துச்சு. ஒண்ணை வெச்சு முடிவு பண்ணலாமா? அதான் பத்தையும் தின்னு பார்த்தேன். எல்லாமே துவர்ப்புதான்!"

"நீயா!" என்றார் டீச்சர்.

"அதுல கோடு கோடா ஏதோ இருந்துச்சே டீச்சர், அது என்ன?"

கொம்பன் டீச்சரின் பக்கம் திரும்பினார். "பெயர்களை யார் எழுதியது?"

"நான்தான் ஐயா. பிள்ளைகள் எழுதினால் கோணல்மாணலாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்றுதான்..."

சொல்லும்போதே டீச்சருக்குச் சுருக்கென்றது. பாலத்தைப் பின்னிய அப்பாவும் இதே சாக்கைத்தானே சொல்லியிருப்பார்! முதுகு முள்ளெல்லாம் அவமானத்தில் படிந்துவிட்டது.

"பத்தும் தின்று பார்த்த ஒருவன் இருக்கிறான். அவனுக்காகக் குகை பள்ளிக்கூடத்துக்கே!" என்றார் கொம்பன். "அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் வருவேன். பாலம் அறுந்தே கிடக்கட்டும், ஏன் அறுந்தது என்று பிள்ளை சொல்லட்டும்."

டீச்சர் அப்போதே ஆளுக்கொரு அத்தி இலையும் ஒரு முள்ளும் கொடுத்தார். "உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்!"

ஓர் எழுத்து மேலே ஏறியது, ஓர் எழுத்து கீழே இறங்கியது. வரையாட்டுக் குட்டி எழுதி முடிக்கும்வரை டீச்சர் அதன் வாயை மட்டும் பொத்திக்கொண்டு நின்றார்.

நீதி: பிள்ளைக்காகப் பெரியவர் செய்துகொடுப்பது பார்க்கத்தான் அழகு, கோணலாக இருந்தாலும் பிள்ளை தன் கையால் செய்ததே அதற்குப் படிப்பு.