பூ போடாமல் ஒருமுறை

இசக்கியம்மாளுக்குப் பொறுமை கிடையாது. வேலையோ பொறுமை கேட்கிற வேலை. ஆவாரம்பூவை நிழலில் காயவைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இரண்டு வருஷம் பிரித்தாள்.

கடைசியில், சாற்றை ஓட்டிப் பார்க்கிற கண்ணாடித் தகட்டில் பொருளுக்கு ஒன்றாக இரண்டு புள்ளிகள் விழுந்தன. கீழே மங்கலாக ஒரு மஞ்சள். அது பாதிப் பூ வகைகளில் இருப்பது, பலரும் எடுத்தது. மேலே கறுப்பாக ஒன்று. ஆவாரம்பூவில் யாரும் பார்த்ததாக எழுதவில்லை. அவள் ஊர் கடையம். புள்ளிக்குக் 'கடையமின்' என்று பெயரே வைத்துவிட்டாள். ஊர் டீக்கடை வரை சேதி போய்விட்டது.

பேராசிரியர் ஜெபகனியிடம் தகட்டை நீட்டி, இது புதுசுதானே என்று கேட்டாள்.

"பூ போடாம ஒருமுறை ஓட்டிப் பாரு," என்றார் அவர். சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார்.

பக்கத்து மேசை தவசி சிரித்தான். "டீத்தூள் இல்லாம டீ போடச் சொல்லிட்டாங்களா?"

எரிச்சலோடுதான் செய்தாள். அதே மெத்தனால், அதை ஊற்றுகிற அதே பிளாஸ்டிக் பாட்டில், அதே குழாய். பூ மட்டும் இல்லை. நான்காம் நாள் தகட்டை விளக்கடியில் வைத்தாள்.

மேலே கறுப்பாகக் கடையமின் இருந்தது.

பாட்டிலிலிருந்து கரைந்து வந்த சமாசாரம். அவ்வளவுதான்.

லேபில் அப்போது யாரும் இல்லை. தகட்டை உடைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். அந்த நினைப்பு வரவில்லை என்றால் பொய்.

பேராசிரியர் திரும்பி வந்ததும் இரண்டு தகடுகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பாட்டில்ல இருந்து வந்தது மேடம். பூவுல இல்ல."

"இத வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம்."

அவர் இரண்டாம் தகட்டின் அடியில் விரலை வைத்தார்.

"மஞ்சள் இதுல வரலையே. அப்ப அது பூவுல இருந்துதான் வந்தது."

"அது பழசு மேடம். எல்லாரும் எடுத்ததுதான்."

ஜெபகனி எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிக் குப்பிகளின் இடம் அது. ஒவ்வொன்றிலும் எடுத்தவர் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு குப்பிகளை நகர்த்தி நடுவில் இடம் விட்டார். அவளுடைய மஞ்சளைக் கொண்டுவரச் சொன்னார். நாலே மில்லிகிராம்தான் இருந்தது.

பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இனிமே வர்றவங்க அவங்க புள்ளிய இதோட வச்சுத்தான் சரிபாக்கணும். பேரு, ஊரு ரெண்டையும் புரியுற மாதிரி எழுது."